பட்டாணி முளைத்த கதை

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி ஒரு கொட்டாங்கச்சியில் மண்ணை நிரப்பி, அதில் நாலு மொச்சை விதைகளை ஊன்றி, ஒரு செம்புத் தண்ணீரையும் கவிழ்த்துவிட்டு, அதன் எதிரே சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரம் சென்றிருக்கும். என்னிடம் வந்து, "தாத்தா, இது கெட்டுப்போன விதை" என்று தீர்ப்புச் சொன்னாள்.

விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் நிறைந்த ஒரு சிறு கட்டத்தை அச்சிடுகிறார்கள். கைபேசியை அதற்கு நேரே பிடித்தால் பாடம் படமாக ஓடும். குழந்தை அங்கே தொடங்கி, விரல் போன போக்கில் எங்கெங்கோ போய், ஒரு சித்திரப் படத்தில் வந்து சேர்ந்திருக்கிறாள். அதில் ஒரு விதைக்குக் கண்ணும் மூக்கும் இருந்தன. அது கொட்டாவி விட்டது, சோம்பல் முறித்தது, எட்டே விநாடியில் வேர் விட்டு, இலை விட்டு, சூரியனைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை அதை நம்பாமல் வேறு எதை நம்பும்?

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விதையைத் திரையில் அவசரமாக முளைக்கவைத்த ஒரு மனிதரின் ஞாபகம் வந்துவிட்டது. நம் நாட்டில் சினிமா என்ற ஒன்று உண்டானதே அந்த விதையிலிருந்துதான் என்று சொன்னால் நேயர்கள் என்னை அதிகப்படியாகப் பேசுகிறவன் என்று எண்ணக்கூடும். கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாதாசாகேப் பால்கே என்பவர் சித்திரம் படித்தவர், போட்டோப் பிடித்தவர், அச்சுத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர். நாற்பது வயதில் வேலையின்றிப் பம்பாயில் இருந்தபோது, 1911-ல் ஒரு நாள் ஏசுநாதரின் சரித்திரத்தைப் படமாகப் பார்த்தார். பார்த்தவருடைய கண்ணுக்குத் திரையில் கிருஷ்ணனும் ராமனும் தெரிந்தார்களாம். அன்றுமுதல் தூக்கம் போயிற்று. இரவு பகலாகப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்ச காலம் கண்பார்வையே மங்கிப்போயிற்று. பிறகு தம் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியை ஈடு வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பலேறினார். இரண்டே மாதத்தில் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒரு வில்லியம்ஸன் காமிராவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

காமிரா வந்துவிட்டது. படம் எடுக்கப் பணம்? 'சினிமா எடுக்கப் போகிறேன்' என்று சொல்கிற மனிதரை நம்பி அந்தக் காலத்தில் யார் கடன் கொடுப்பார்கள்? பால்கே ஒரு காரியம் செய்தார். ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். அதன் முன்னால் காமிராவை அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேல் விடாமல், சிறுகச் சிறுகப் படம் பிடித்தார். கடைசியில் ஓட்டிப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் விதை வெடித்து, முளைத்து, கொடியாய்ப் படர்ந்தது. பணம் உள்ளவர்களை அழைத்துவந்து அதைக் காட்டினார். கடன் கிடைத்தது. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது.

நாள் ஒன்றுக்கு ஒரே ஒரு படமாகப் பால்கே எடுத்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கணக்கில் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஆனாலும் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து ஊமைப்படம் விநாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடும். ஒரு நிமிஷத்துக்கு 960 ஆயிற்று. நாளைக்கு ஒன்று வீதம் என்றால் அந்தப் பட்டாணிக் கொடி இரண்டரை வருஷம் உயிரோடு இருந்திருக்க வேண்டும்! நாளைக்கு முப்பது தடவையாவது அந்த மனிதர் தொட்டியருகே போய்க் கைப்பிடியைச் சுழற்றியிருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. கடன் கேட்கப் போகிறவனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. நானும் பதிப்பாளர்களிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பட்டாணி பயிரிட்டதில்லை.

அது தாவர சாஸ்திரப் பாடம் அல்லாமல் வேறென்ன? கண்ணால் காண முடியாத மெதுவான காரியத்தைக் கண்ணுக்குக் காட்டிவிட்டது. பால்கே அதோடு நிற்கவும் இல்லை. 1915-ல் தீக்குச்சிகளைத் துள்ளவைத்து ஒரு படம் எடுத்தார். குச்சியைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். சித்திரப் படம் என்பதன் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது, நோட்டுப் புத்தகத்தின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பொம்மை வரைந்து, கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்த வித்தையை அறிந்தவர்களே. நானும் அறிந்தவன், அதற்காக அடி வாங்கியவன்.

இதை வைத்துக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்ற ஆசை சினிமாவோடு கூடப் பிறந்தது. தாமஸ் எடிஸன் 1913-ல், இன்னும் பத்து வருஷத்துக்குள் பள்ளிக்கூடங்களில் புத்தகமே இராது, எல்லாப் பாடமும் படத்தாலேயே நடக்கும் என்று ஜோசியம் சொன்னார். மின்சார விளக்கை எரியவைத்த மனிதருக்கு ஜோசியம் பலிக்கவில்லை. என் பேத்தியின் புத்தக மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் நேயர்களுக்கே அது விளங்கும்.

எடிஸன் அப்படிச் சொல்லி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1922-ல், அமெரிக்காவில் கான்ஸஸ் நகரத்தில் ஓர் இளைஞர் சித்திரப் படக் கம்பெனி நடத்தி அநேகமாகத் திவாலாகிக்கொண்டிருந்தார். மெக்ரம் என்ற பல் வைத்தியர், குழந்தைகளுக்குப் பல் துலக்கச் சொல்லிக்கொடுக்கும் படம் ஒன்று வேண்டுமென்று அவரைத் தேடினார். ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க வரும்படி வைத்தியர் ஒரு நாள் மாலை டெலிபோனில் கூப்பிட்டபோது, 'வர முடியாது' என்று இளைஞர் சொன்னாராம். ஏன்? அவரிடம் இருந்தது ஒரே ஜோடிப் பூட்ஸ். அது தைக்கிறவனிடம் கிடந்தது. மீட்க ஒன்றரை டாலர் இல்லை. வைத்தியர் நல்லவர், தாமே வந்து, பூட்ஸையும் மீட்டுக்கொடுத்து, 500 டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். 'டாமி டக்கரின் பல்' என்ற அந்தப் படத்தில் நிஜச் சிறுவர்கள் பாதி, சித்திரம் பாதி. இளைஞரின் பெயர் வால்ட் டிஸ்னி. மிக்கி எலிக்கு முன்பே பல்துலக்கும் பாடம்தான் அவருக்குச் சோறு போட்டது.

பல் வைத்தியருக்குக் குழந்தைகளிடம் நம்பிக்கை இருந்தது. வேறு சிலருக்கு ஜனங்களிடமே நம்பிக்கை இருந்ததில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய 1939-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் காலனிகளுக்காக ஒரு படப் பிரிவு ஏற்படுத்தினார்கள். அதை நடத்திய வில்லியம் ஸெல்லர்ஸ் என்பவர் நைஜீரியாவில் சுகாதாரப் படங்கள் காட்டிப் பழகியவர். ஆப்பிரிக்கக் கிராமத்தானுக்குப் படம் பார்க்கத் தெரியாது. காட்சி மெதுவாக நகர வேண்டும். தந்திரக் காட்சிகள் எதுவும் கூடாது என்பது அவர் வகுத்த சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்துக்குச் சாட்சியாக ஒரு கதை உலகமெல்லாம் உலவிற்று. மலேரியாவைப் பற்றிய படத்தில் கொசுவைப் பெரிதாகக் காட்டினார்களாம். கிராமத்து ஜனங்கள், 'எங்கள் ஊரில் இத்தனை பெரிய கொசு கிடையாது. எங்களுக்குப் பயமில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்களாம். ஆப்பிரிக்காவில் நடந்ததாக இதைக் கேட்டிருக்கிறேன். பீகாரில் நடந்ததாகக் கேட்டிருக்கிறேன். நம் தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்ததாகவே ஒரு பெரிய மனிதர் என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். இத்தனை ஊர்களில் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி ஜனங்கள் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கதைகளை இட்டுக்கட்டுவது என் தொழில். இட்டுக்கட்டிய கதையின் வாசனை எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அந்தக் கொசு எங்கள் ஊருக்கும் வந்தது. 1958-ஆம் வருஷம். மலேரியாவை அடியோடு ஒழிக்கும் திட்டம் தேசமெங்கும் அந்த வருஷம்தான் தொடங்கியது. தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் கிராமத்துக்கு ஒரு சர்க்கார் படவண்டி வந்து, பஞ்சாயத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் வேட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரையைக் கட்டிற்று. எனக்குப் பத்து வயது. முன் வரிசை மணலில் இடம் பிடித்துவிட்டேன். திரையில் ஒரு சித்திரக் கொசு வந்தது. காளைமாடு அளவு இருந்தது. அது தேங்கின தண்ணீரில் முட்டையிட்டது, முட்டை புழுவாகித் தலைகீழாகத் தொங்கிற்று, புழு கூடாயிற்று, கூட்டைப் பிளந்துகொண்டு கொசு கிளம்பிற்று. நாங்கள் ஆற்றோரக் குட்டையில் தினம் பார்த்த அந்த நெளிகிற புழுதான் கொசு என்பது அன்று இரவு வரையில் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. 'இத்தனை பெரிய கொசு இங்கே இல்லை' என்று ஒருவரும் சொல்லவில்லை. விளக்குப் போட்டதும் ஒரு கிழவர் எழுந்து அதிகாரியைக் கேட்டார்: "ஐயா, இந்தப் பள்ளத்துத் தண்ணியை வடிக்கத் தோட்டி வருவானா, நாங்களே வெட்டணுமா?" அதிகாரி அதற்குப் பதில் சொல்லவில்லை. வண்டியில் ஏறிவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் ஊரில் பாதிப் பேர். என் அக்கா அவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பதின்மூன்று வயது முடிந்திருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். பெரியவளான பிறகு தெருவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, திண்ணையில் அவளுக்குக் கொசுவாக நடித்துக் காட்டினேன். தலைகீழாகத் தொங்குகிற புழுவை நடித்துக் காட்டுவதற்காகத் தூணைப் பிடித்துத் தொங்கி விழுந்து, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். அவள் நாலாம் வாய்ப்பாட்டுக்கு மேல் படித்ததும் அந்தத் திண்ணையில்தான். நான் உரக்கச் சொல்லுவேன். அவள் உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். பதினாறாம் வாய்ப்பாடு எனக்குத் தடுக்கும், அவளுக்குத் தடுக்காது. அக்காவுக்கு எழுத்தறிவித்தவன் நானே என்று பிற்காலத்தில் பல கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஜனங்களை நம்புகிற படக்காரர்களும் இருந்தார்கள். கனடாவின் நார்மன் மக்லாரன் அவர்களில் ஒருவர். காமிராவே இல்லாமல் பிலிம் சுருளின் மேல் பேனாவால் நேரே வரைந்து படம் செய்யும் அற்புத மனிதர். 1949-ல் யுனெஸ்கோ அவரைச் சீனாவில், ஸெச்சுவான் மாகாணத்துப் பெய்பெய் என்ற ஊருக்கு அனுப்பிற்று. 'ஆரோக்கியக் கிராமம்' என்பது திட்டத்தின் பெயர். அவர் அங்கே தாம் படம் எடுக்கப் போகவில்லை. உள்ளூர்ச் சித்திரக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். சுவரொட்டி, படச்சுருள், எளிய சித்திரப் படம் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே செய்யவைத்தார். ஊர்க்காரன் வரைந்த மனிதனுக்கு ஊர்க்காரனின் முகம் இருந்தது. அந்த வருஷக் கடைசியில் செஞ்சேனை அந்தப் பக்கம் வந்து ஆட்சி மாறியது. மக்லாரன் மறு ஆண்டு ஊர் திரும்பினார். பிறகு 1950-களின் தொடக்கத்தில் இதே வேலையாக இந்தியாவுக்கும் வந்தார்.

நம் நாட்டில் சித்திரப் படத்துக்கென்று சர்க்கார் ஒரு கூடம் கட்டியது பம்பாயில், பிலிம்ஸ் டிவிஷனில். பிலிம்ஸ் டிவிஷன் என்றதும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் காட்டுவார்களே, 'நியூஸ் ரீல் முடிந்ததும் போகலாம்' என்று நாம் வெளியே நின்று சோடா குடிப்போமே, அதை எடுத்தவர்கள்தான். 1948-ல் தொடங்கி, 2022-ல் வேறொரு நிறுவனத்தோடு சேர்க்கப்படும்வரை அந்தப் பெயர் இருந்தது. 1956-ல் அங்கே க்ளேர் வீக்ஸ் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். டிஸ்னியிடம் வேலை பார்த்தவர்; 'பாம்பி' படத்து மானுக்கு உயிர் கொடுத்த கூட்டத்தில் இருந்தவர். ஆனால் அவர் பிறந்தது இந்தியாவில், பாதிரியார் வீட்டுப் பிள்ளையாக. பம்பாய்க்கு வந்து இளைஞர்களை உட்காரவைத்துக் கோடு போடக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் சேர்ந்து செய்த படம் 1957-ல் வந்தது: 'ஆலமரத்து மான்.' புத்த ஜாதகக் கதை. சினையாக இருக்கும் பெண்மானுக்குப் பதிலாகத் தன் தலையைக் கொடுக்க வந்த மான் அரசனின் கதை. ஹாலிவுட்டில் மான் வரைந்தவர் பம்பாய்க்கு வந்தும் மான்தான் வரைந்தார் என்று பரிகசிக்கலாம். ஆனால் ஜாதக மானைத் தேடிப் பிடித்தார் அல்லவா?

அந்த வகுப்பில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ராம் மோகன். ரசாயனம் படித்துவிட்டுப் படம் போட வந்தவர். அவரைப் பின்னால் சந்திக்கப் போகிறோம்.

1974-ல் விஜயா முலே அம்மையார் செய்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்ற சின்னஞ்சிறு படம் வந்தது. பீம்சேன் என்ற கலைஞர் சித்திரங்களுக்கு உயிர் கொடுத்தார். அக்காளிடம் தம்பி 'அனேகம் என்றால் என்ன?' என்று கேட்கிறான். அவள் வேடன் வலையில் அகப்பட்ட பறவைகள் வலையோடு சேர்ந்து பறந்த பழங்கதையைச் சொல்லுகிறாள். எலிகள் வந்து வலையைக் கடிக்கின்றன. ஏழு நிமிஷம்தான். விநாடிக்கு 24 படம் என்றால் ஏழு நிமிஷத்துக்கு 10,080 படங்கள். ஒரு சித்திரத்தை இரண்டு தடவை பிடித்துச் சிக்கனம் பண்ணினாலும் ஐயாயிரத்துக்கு மேல் வரைய வேண்டும். தேசியப் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய பரிசு, தூர்தர்ஷனில் அதைப் பார்த்த தலைமுறை இன்றைக்கும் அதன் பாட்டை முணுமுணுப்பது. என் பெண்ணுக்கு ஹிந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. எண்பதுகளில் அவள் அந்தப் பாட்டைப் பாதி ஹிந்தியும் பாதி தன் சொந்த பாஷையுமாகப் பாடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவாள். ஒற்றுமையைப் பற்றிய பாட்டு, விளங்காத பாஷையில் வந்து, அப்படியும் மனசில் ஒட்டிக்கொண்டது. இதில் யாருக்கு வெற்றி என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. 'ஏகம்', 'அநேகம்' என்ற இரண்டு சொற்களும் நம் பாட்டிமார் வாயிலும் இருந்தவைதாமே என்று அப்போது அவளுக்குச் சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு விஜயா முலேயும் பங்குகொண்ட ஒரு பெரிய காரியம் நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோளை நம் நாடு ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கிற்று. 1975 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து 1976 ஜூலை 31 வரையில், ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்கு ஆகாசத்திலிருந்து நேரே டெலிவிஷன் இறங்கிற்று. ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். தமிழ்நாடு அந்த ஜாபிதாவில் இல்லை. நமக்குச் சென்னை நகரத்தில் மட்டும் அதே ஆகஸ்டு 15-ல் டெலிவிஷன் வந்தது. கிராமத்துக்கு வர இன்னும் வெகுநாள் ஆயிற்று. அந்த ஆறு ராஜ்யங்களில் பள்ளிக்கூடக் கூரைமேல் பத்தடி அகலத்தில் ஒரு கம்பிவலைக் குடை வைத்தார்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கிறோமே, அதே கம்பிவலை! ஆமதாபாத் விஞ்ஞானிகளின் யோசனை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற செய்தியைக் கோழிவலையால் பிடித்த சாமர்த்தியத்தை நான் எந்த நாவலிலும் துணிந்து எழுதியிருக்க மாட்டேன். இப்படிப்பட்ட கோள்களைப் பற்றி 1945-லேயே எழுதிய ஆர்தர் கிளார்க் அப்போது கொழும்பில் குடியிருந்தார். அவர் வீட்டிலும் நம் விஞ்ஞானிகள் ஒரு குடையை நிறுத்திவிட்டு வந்தார்கள்.

தினம் காலையில் ஒன்றரை மணி நேரம் குழந்தைகளுக்கு. ஹிந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா என்று நாலு பாஷைக்கும் பங்கு போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டரை நிமிஷம். முழுக்கச் சித்திரப் படமாகவே காட்ட யாராலும் முடியாது. தினசரி ஒளிபரப்புக்கு அந்தப் பொறுமையும் பணமும் கட்டுப்படியாகா. ஒரு வருஷம் முடிந்தது. கோள் அமெரிக்காவின் பக்கம் நகர்ந்து போயிற்று. அளந்து பார்த்தவர்கள், பிள்ளைகளின் பேச்சு வளர்ந்திருக்கிறது, புத்தகத்துக்கு வெளியே தெரிந்துகொள்ளும் ஆவல் வளர்ந்திருக்கிறது, பரீட்சை மார்க்கு மட்டும் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். மார்க்கு உயரவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆவல் வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து கோளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

படம் ஆடினால் பாடம் ஏறும் என்ற நம்பிக்கையைச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். பார்பரா ட்வர்ஸ்கி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியையும் இருவரும் சேர்ந்து 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆடும் படம் ஆடாத படத்தைவிட மேல் என்று சொன்ன பல ஆராய்ச்சிகளை அலசிப் பார்த்தால், ஆடும் படத்தில் கூடுதலான விஷயத்தைச் சேர்த்திருந்தார்களாம். இரண்டிலும் ஒரே விஷயம் இருந்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. காரணமும் சொன்னார்கள்: ஓடுகிற படம் கண் பிடிப்பதற்குள் ஓடிவிடுகிறது. நின்ற படத்தைக் கண் தன் வேகத்தில் மேயலாம். சைக்கிள் பம்பின் உள்ளே காற்று எப்படிப் போகிறது என்பதைக் குழந்தை அம்புக்குறி போட்ட நாலு படத்தைப் பார்த்துத் தானே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால், அந்த ஓட்டம் அவளுடையது. திரை ஓட்டிக் காட்டினால் ஓட்டம் திரையுடையது. பேத்தியின் மொச்சை விதை எனக்கு இதைத்தான் சொல்லிற்று. பால்கேயின் பட்டாணியைப் பார்த்தவர்கள் விதை முளைக்க எத்தனை நாள் ஆகும் என்பதை அறிந்தவர்கள். ஆகவே திரையில் அது ஒரு நிமிஷத்தில் முளைத்தபோது பிரமித்தார்கள். என் பேத்தி முதலில் திரையைப் பார்த்தாள். பிறகு மண்ணைப் பார்த்தாள்.

ஆனாலும் நான் படத்துக்கு விரோதி அல்ல. 2019-ல் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமானபோது, 'இன்னொரு சானலா!' என்று முகத்தைச் சுளித்தேன். மறு ஆண்டு கொள்ளைநோய் வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது, எங்கள் தெருவில் கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெட்டியின் முன்னால்தான் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். சுளித்த முகத்தை நிமிர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ராம் மோகனைச் சந்திப்பதாகச் சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில் யுனிசெப், தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக ஒரு சித்திரப் படத் தொடர் எடுக்க நினைத்தது. வங்காள தேசத்தில் தொடங்கிய யோசனை. நாயகிக்கு என்ன பெயர்? எந்த மதத்தார் வீட்டிலும் அந்நியமாகத் தோன்றாத பெயர் வேண்டும். 'மீனா' என்று வைத்தார்கள். என்ன உடை? ஊர் ஊராக, நாடு நாடாகச் சித்திரங்களைக் கொண்டுபோய்க் காட்டித் தாய்மார்களையும் பெண்களையும் கேட்டார்கள். தந்திரக் காட்சி புரியாது என்று தீர்மானித்துக்கொண்டு போகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனார்கள். அந்த மீனாவுக்கு உருவம் கொடுத்தவர் ராம் மோகன். அவர் 2019-ல் காலமானார்.

முதல் கதை இது. மீனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, தம்பி போகிறான். அவளிடம் மித்து என்று ஒரு கிளி இருக்கிறது. கிளியைப் பள்ளிக்கூட ஜன்னலுக்கு அனுப்புகிறாள். கிளி வாய்ப்பாட்டைக் கேட்டு வந்து அவளுக்கு ஒப்பிக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. திருடன் பிடிபடுகிறான். பெண் படித்தால் கோழி தப்பும் என்ற கணக்கு அப்பனுக்கும் புரிகிறது.

போன பொங்கலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பேத்தி அவளுக்கு இந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினாள். படம் வேறு பாஷையில் பேசிற்று. அது அக்காவுக்கு ஒரு பொருட்டாக இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிளி ஜன்னலில் உட்கார்ந்த கட்டத்தில் மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள். நான் பின்னால் ஈஸிசேரில் இருந்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கிளி நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். படம் முடிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, அந்தக் கிளிக்குக் கூலி என்ன கொடுத்தாளாம்?" என்று கேட்டாள்.

"கூலியா? கிளிக்கு எதுக்கு அக்கா கூலி?"

"ஒரு வாய்ப்பாட்டுக்கு ஒரு கருப்பட்டி மிட்டாய்னு என்கிட்ட வாங்கினியே, மறந்துபோச்சா? பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு ரெண்டு கேட்டே."

பேத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைபேசியை வைத்துவிட்டு, "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாட்டி" என்று அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.